பேர் சொன்னால் வருகிறாள்

"அந்தப் பேர சொல்லாதீங்க."

மேசைக்கு அடியிலிருந்து சிறுமி சொன்னாள். கோட்டைக்குள் கொண்டுவந்து விட்டதிலிருந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. கெசியா சோளரொட்டியை நீட்டினாள்.

"தபிதா, சாப்பிடும்மா."

சொன்னதுமே அந்த வாடை. மழை பெய்து மாதக்கணக்காகிறது, பிரேசோஸ் ஆறு கோட்டை மரவேலியிலிருந்து வெகுதூரத்தில் வெறும் மணலாகக் காய்ந்து கிடக்கிறது, இருந்தும் கதவுக்கு அடியிலிருந்து சேறும் அழுகிய பாசியும் கலந்த ஒரு குளிர்ந்த நாற்றம் ஊர்ந்து வந்து, அடுப்புப் புகையையும் பன்றிக்கொழுப்பின் நெடியையும் அமுக்கிவிட்டு அவள் தொண்டையில் படிந்தது. நேற்றைவிட இன்று அதிகம்.

அவள் கணவன் லெமுவேல் அந்திக் காவலுக்குத் துப்பாக்கியை எடுத்தான். "பேர் சொன்னா கோழிகூட ஓடிவரும். இது திரும்பிக்கூடப் பாக்கல. கெசியா, நம்ம பொண்ண நாலு வயசுல கொமாஞ்சிச் செவ்விந்தியங்க தூக்கிட்டுப் போனாங்க. ஏழு வருஷம் கழிச்சு சிப்பாய்ங்க எவளையோ கொண்டாந்து விட்டா, அது நம்ம பொண்ணாயிடுமா?"

"நீங்க கெளம்புங்க."

அவன் போனதும் கதவின் குறுக்குக்கட்டையைப் போட்டாள். பிறகு மேசையருகே குனிந்தாள். இத்தனை நாள் கேட்கப் பயந்த கேள்வி.

"நீ அவ இல்லேன்னா, அவ எங்க?"

"என்கூடத்தான் இருந்தா. அவ வந்த வருஷமே உங்க சிப்பாய்ங்க எங்க கூடாரங்கள சுட்டாங்கல்ல, அப்ப ஆத்துல விழுந்து செத்துட்டா." சிறுமி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க ஆளுங்க செத்தவங்க பேர சொல்ல மாட்டாங்க. சொன்னா வந்துருவாங்க. நீங்க தெனமும் கூப்பிடுறீங்க. அவளும் தெனமும் கொஞ்சம் கிட்ட வர்றா."

"பொய் சொல்ற. நீதான் என் பொண்ணு. நீதான் தபிதா. தபிதா. தபிதா."

வெளியே நாய்கள் குரைப்பதை நிறுத்தின.

கோட்டைக் கிணற்றின் உருளை கிறீச்சிட்டது. அதுவும் நின்றது. ஈரக்கால்கள் மண்ணில் பதியும் சத்தம். நிதானமாக. கதவு வரை.

தட்டல். முழங்கால் உயரத்தில்.

"அம்மா. தூக்கு."

மழலை மாறாத குரல். நாலு வயதில் எப்படிக் கேட்டதோ அப்படியே.

கெசியாவின் கை தானாகப் போய்க் குறுக்குக்கட்டையைப் பிடித்தது. கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்தது. அவள் பாதம் நனைந்தது. அந்தத் தண்ணீரோடு விரல்கள். சின்னஞ்சிறு விரல்கள். சாம்பல் நிறம். நகங்களில் பாசி. தரையைத் தடவித் தடவி அவள் கால்விரலைத் தேடின.

பின்னாலிருந்து யாரோ பாவாடையை இறுக்கிப் பிடித்தார்கள். உயிருள்ள, சூடான கை.

"அம்மா, தெறக்காதீங்க."

சிறுமி அவளை அம்மா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா. தூக்கு."

கட்டை பாதி தூக்கியாயிற்று. அதைப் பிடித்திருப்பது உங்கள் கை என்றால், சொல்லுங்கள், எந்தக் குரலுக்கு 'என்னம்மா' என்பீர்கள்?