நாற்பத்தொன்றாம் கை

தேவசகாயத்தின் முகத்தில் கரி பூசுவதற்காக மெய்யம்மை மூன்று வருடம் மண் பிசைந்தாள். அதுவும் செத்து ஆயிரத்து முந்நூறு வருடமான ஒரு சீனக் கைவினைஞனின் கையால்.

சிங்கப்பூரில் இப்போதெல்லாம் பழம்பொருள் வாங்குகிறவர்கள் சிலையைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறார்கள். ஈரக் களிமண்ணை விரல் அழுத்தும்போது அதன் நுண்துகள்கள் அழுத்திய பக்கமாகப் படுத்துக்கொள்ளும். சூளையில் வெந்தபின் அப்படியே கிடக்கும். கைவாசி என்ற கருவி அந்தத் துகள்களைப் படித்து, எந்த விரல், எவ்வளவு பலம், எதன்பின் எது என்று திரையில் ஒரு கையையே எழுப்பிக் காட்டிவிடும். ஒருவர் கைபோல் இன்னொருவர் கை இருக்காது. நீதிமன்றம்கூட அதை ஏற்றுக்கொண்டது. மனிதன் பொய் சொல்லலாம், கை சொல்லாது என்று சட்டக்குழு முன் அடித்துச் சொன்னவளே மெய்யம்மைதான். கருவியை உருவாக்கியதில் பாதி மூளை அவளுடையது. பெயர் முழுக்க ஆய்வுக்கூட இயக்குநர் தேவசகாயத்துடையது.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது நாற்பத்தொன்றாம் கை விஷயத்தில்தான்.

யாரோ கள்ளத்தனமாகத் தோண்டி விற்றதில் சமீப வருடங்களில் பல நாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்த, சீனத்தின் தாங் அரச காலத்துச் சுடுமண் குதிரைவீரர்கள் முப்பத்தொன்று. அத்தனையும் ஒரே ஆள் செய்தவை என்று அவள் கண்டுபிடித்தாள். இடது கட்டைவிரலால் மண்ணை வழித்துவிடும் பழக்கம் அவனுக்கு. கைவாசி அடையாளம் கண்ட கைகளின் பட்டியலில் அவன் எண் நாற்பத்தொன்று. யாரும் குனிந்து பார்க்காத குதிரையின் அடிவயிற்றில், சேணத்தை இறுக்கும் வாரை அவன் ஒவ்வொன்றிலும் கட்டாமலே விட்டிருந்தான். அந்த இடத்தில் மட்டும் விரல் வெறியோடு அழுத்தியிருந்தது. செத்த பிரபுவுக்கு மேலுலகத்தில் துணையாகப் போகச் சமாதியில் வைத்துப் புதைக்கும் படை அது. யார் சமாதிக்குச் செய்தானோ, அந்தப் பிரபு அவனுக்கு என்ன கொடுமை செய்தானோ. மேலுலகத்தில் பிரபுவின் படை ஓரடி எடுத்துவைத்தாலே அத்தனை வீரர்களும் சரிந்து விழவேண்டும் என்று அவன் நினைத்திருக்கிறான். அது புரிந்த அன்று மெய்யம்மை அழுதுவிட்டாள்.

அடுத்த மாதம் அந்தக் கண்டுபிடிப்பு தேவசகாயத்தின் பெயரில் வெளியானது. போய்க் கேட்டாள். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

"பேரு யாருதா இருந்தா என்ன மெய்யம்மை? வேலை நம்ம வேலைதானே."

அந்த 'நம்ம'வை அவளால் விழுங்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய தொழிற்கூடத்தை வாடகைக்குப் பிடித்தாள். நாற்பத்தொன்றாம் கையின் அசைவுகளை விரல்களை இயக்கும் ஓர் இயந்திரக் கையுறையில் ஏற்றி மாட்டிக்கொண்டால், அது அவள் விரல்களைப் பிடித்து இழுத்துப் பழக்கும். முதல் வருடம் இடது கட்டைவிரல் வீங்கிப்போனது. இரண்டாம் வருடம் உறை தேவைப்படவில்லை. மூன்றாம் வருடம் ஒரு குதிரையும் வீரனும் எழுந்தார்கள். வார் கட்டும் இடம் வந்தபோது யாரும் சொல்லித்தராமலே விரல் அழுந்தியது. தேவசகாயத்தை நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். சுட்டெடுத்ததைக் கதிர்வீச்சில் ஊறவைத்துக் காலக்கணிப்பையும் ஏமாற்றினாள். பிசைந்தது முதல் கதிர்வீச்சில் ஊறவைத்தது வரை எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு, சிலையை ஊர்பேர் சொல்லாத நன்கொடையாக அருங்காட்சியகத்துக்கு அனுப்பினாள்.

தேவசகாயம் தூண்டிலைக் கவ்வினார். மண்டபம் நிறைந்த கூட்டத்தின் முன்னால் கைவாசியை ஓட்டி, முப்பத்திரண்டாவது வீரன் கிடைத்துவிட்டான், இதற்கு என் பெயரையே பிணை வைக்கிறேன் என்றார். பின்வரிசையில் இருந்த மெய்யம்மை எழுந்து படத்தைத் திரையில் ஓடவிட்டாள். இந்த ஒரு நொடிக்காகத்தான் அத்தனை நாளும் உயிரோடு இருந்ததாக அவளுக்குத் தோன்றியது.

"நாற்பத்தொன்னு சாகல சார். உங்க முன்னாடிதான் நிக்கிறேன். அந்தக் கை என் கை."

தேவசகாயத்தின் முகம் செத்துப்போயிற்று. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். மெய்யம்மை கண் கொட்டாமல் பார்த்து ரசித்தாள். அப்போது அருங்காட்சியகக் காப்பாளர் திருமதி லிம் தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டார். அப்படியானால் மற்ற முப்பத்தொன்றையும் செய்தது யார்?

தேவசகாயம் மெல்லத் தலையை நிமிர்த்தினார். அவளுக்குப் புரிவதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

முப்பத்தொன்றையும் அவளே போலியாகச் செய்து விற்றாள் என்று அவள்மேல் போட்ட வழக்கு ஏழு மாதம் நடந்தது. முப்பத்தொன்றும் பழையவை என்று நிரூபிக்கக் காலக்கணிப்பு உதவவில்லை. அதை ஏமாற்றலாம் என்று ஊரறியக் காட்டியவளே அவள்தான். எங்கே தோண்டியது என்று கேட்டால், திருட்டுத்தனமாக விற்றவன் எவன் வந்து சாட்சி சொல்வான்? கடைசியாக அவள் தன் சொந்தக் கை வேறு என்று செய்தே காட்டுகிறேன் என்றாள். களிமண் கொண்டுவந்தார்கள். குதிரை வேண்டாம், வீரன் வேண்டாம் என்று, சின்ன வயதில் வீட்டில் பிடித்த கொழுக்கட்டைபோல ஓர் உருண்டை பிடித்தாள். பிடித்து முடித்ததும் இடது கட்டைவிரல் தானாகப் போய் ஓரத்தை வழித்துவிட்டது. உருண்டையைச் சுட்டுக் கைவாசியில் வைத்தார்கள். திரையில் எழுந்தது நாற்பத்தொன்றாம் கை.

மெய்யம்மை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன்னுடைய பழைய கை எப்படி இருந்தது என்று அவளுக்கு நினைவு வரவில்லை.

அரசுத் தரப்பு நிபுணர் சாட்சியாகத் தேவசகாயத்தை அழைத்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் நிதானமாகச் சொன்னார்.

"மனுஷன் பொய் சொல்லலாம், கை சொல்லாது. இது என் வார்த்தை இல்லைங்க. மெய்யம்மை சொன்னது."

இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் அவளுக்குச் சேரவேண்டிய பெயரை அவளுக்கே கொடுத்தார்.