இரண்டு பதினான்காம் தேதி

"ஐயையோ... குடையை அங்க வைக்காதீங்க!"

சொல்லி முடிப்பதற்குள் சொட்டிவிட்டது. கடற்படை ஆவண அறையின் நீள மேஜையில் பரப்பியிருந்த அச்சுப்படிகளின் மேல், சரியாக அவள் பெயருக்குப் பக்கத்தில்... மூன்று சொட்டு!

நிமிர்ந்தாள். எதிரே ஓர் இளைஞன். மழையில் நனைந்த முடி, கூச்சமே இல்லாத பெரிய கண்கள்... திட்ட வந்தவள் ஒரு நொடி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். சீ, இதென்ன புத்தி! முகத்தை அவசரமாகக் கடுகடுப்பாக்கிக்கொண்டாள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு இது அச்சுக்குப் போகுது, சார். போர்க்காலத்துல வீரர்களை ஏத்திட்டுப் போன துருப்புக் கப்பலோட வரலாறு. என் மூணு வருஷ உழைப்பு!"

"அதுக்காகத்தான் வந்தேன். நான் சரக்குக் கப்பல்ல அதிகாரி. அந்தத் துருப்புக் கப்பலோட கேப்டன், எங்கம்மாவைப் பெத்தவர்."

அவளுக்குத் திக்கென்றது. காயம்பட்ட நாற்பது வீரர்களைத் தீவிலேயே விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது, பிறகு ஒரு மருத்துவக் கப்பல்தான் அவர்களைக் காப்பாற்றியது என்று எழுதியிருப்பவள் அவள்தானே!

"விட்டுட்டு ஓடினவர் மகள்னு எங்கம்மா கேட்காத பேச்சில்லை. அது புத்தகத்துலயும் ஏறிட்டா... தாங்க மாட்டாங்க."

"கப்பல் நாட்குறிப்புல இருக்கறதைத்தான் எழுதியிருக்கேன். உங்க வீட்டுக் கண்ணீருக்காக வரலாற்றை மாத்த முடியாது."

"மாத்த வேண்டாம். அந்த நாட்குறிப்பைக் காட்டுங்க, போதும்."

திமிரைப் பார்! ஆனாலும் எடுத்துக் கொடுத்தாள். அவன் விரல் ஒரு பக்கத்தில் நின்றது.

"பதினாலாம் தேதி, புதன். 'அலை அதிகம். கரையை நெருங்க முடியவில்லை. கிழக்கே போகிறோம்.' சரி... அடுத்த பக்கமும் பதினாலு, புதன்தானே?"

"அது திருத்தமா எழுதின நகல். அந்தக் காலத்துல ஒரே நாளை ரெண்டு தடவை எழுதி வைப்பாங்க. பத்து வருஷமா இந்தக் காகிதங்களோட குடித்தனம் பண்றேன்... எனக்கே பாடமா?"

"படிச்சீங்களா?"

நகல் என்று நினைத்ததை யார் படிப்பார்கள்?

"பசிபிக் கடல் நடுவுல இருக்கற தேதிக்கோட்டைத் தாண்டிக் கிழக்கே போனா, மறுநாளும் அதே தேதிதான் எழுதுவோம், மேடம். போன மாசம் எனக்கே ரெண்டு செவ்வாய்க்கிழமை!"

வெடுக்கென்று நாட்குறிப்பைப் பிடுங்கிப் படித்தாள். 'தீவைச் சுற்றி வந்து கிழக்குக் கரையை அடைந்தோம். காயம்பட்ட நாற்பது பேரையும் ஏற்றினோம். மாலையில் மருத்துவக் கப்பலில் ஒப்படைத்தோம்.'

நாற்பது பேரும்! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்ப்பதாகப் பீற்றிக்கொண்டவள்... ஒரு பக்கத்தைப் புரட்டாமல் விட்டிருக்கிறாள். மணி நாலே முக்கால். தொலைபேசியை எடுத்தாள்.

"சார், அச்சை நிறுத்துங்க. தப்பு என்மேல."

"விளையாடறியா?" ஆவணத் துறை இயக்குநரின் குரல் அவன் காதுவரை கேட்டது. "கடற்படை விழாவுக்குப் புத்தகம் வராது. உன் பேர்தான் கெடும்!"

"கெடட்டும் சார். செய்யாத தப்புக்கு அந்தக் கேப்டன் பேர் கெட வேண்டாம்."

வைத்துவிட்டாள். அவன் உடனே தன் அம்மாவை அழைத்து விஷயத்தைச் சொல்லி, கைபேசியை இவளிடமே நீட்டினான். அந்தப் பக்கம் ஒரே அழுகை... நடுவில் "நீ நல்லா இருக்கணும், கண்ணு" என்பது மட்டும் புரிந்தது. இவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

வெளியே மழை விட்டிருந்தது. அவன் மட்டும் கிளம்புவதாகத் தெரியவில்லை.

"நாளன்னைக்கு நான் கப்பல் ஏறணும். திரும்பி வர ஆறு மாசம்..." இழுத்தான்.

"அதுக்கு?"

"வந்ததும் அம்மாவை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாமா? நன்றி சொல்ல இல்லை... பொண்ணு கேட்க."

குப்பென்று முகம் சிவந்தது. ஒரு மணி நேரப் பழக்கத்துக்கு எவ்வளவு தைரியம்! ஆனால் அவள் மனம் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"ஆறு மாசமெல்லாம் என்னால காத்திருக்க முடியாது. நாளைக்கே கூட்டிட்டு வாங்க... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."