மாடியிலிருந்து வந்த பதில்

வீட்டை விட்டுத் தனியாகப் போன நாற்பதாவது நாள், தன் கம்பளிப் போர்வையை எடுத்துப் போவதற்காகத்தான் ஆந்தை திரும்பி வந்தாள்.

நல்ல பகல், மணி பத்தரை ஆகப் போகிறது. ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ராத்திரி டியூட்டியை முடித்துவிட்டு, கண்ணில் மண் அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சலோடு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்குவதால் அப்பா வைத்த பெயர்தான் ஆந்தை. ஐந்து வருஷத்தில் சொந்தப் பெயரே மறந்துபோகும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தவர் மட்டும் என்ன, பஸ் டிரைவர். விடியுமுன் கிளம்பி மதியம் வந்து விழுகிறவர். அம்மா வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவள். மூன்று பேர் இருந்த வீட்டில் மூவரும் சேர்ந்து முகம் பார்த்துப் பேசியது வாரத்தில் ஒருநாள் இருந்தால் அதிகம்.

அதற்காகப் பேச்சே இல்லாத வீடு என்று நினைத்துவிடக் கூடாது. கீழே முன்னறையில் அம்மாவின் தையல் மெஷின். அதற்கு நேர் மேலே, மாடியில் இருந்த ஒரே அறை ஆந்தையுடையது. அம்மாவுக்கு இடது முட்டி தேய்ந்துபோனதிலிருந்து பதினாறு படி ஏறுவது மலை ஏறுவது மாதிரி. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தினமும் பத்தரை மணிக்கு அம்மா, துணி அளக்கும் மரக்கோலைத் தூக்கி மேற்கூரையில் ஒருமுறை இடிப்பாள். டொக். சாப்பிட்டியா என்று அர்த்தம். மேலே படுத்திருக்கும் மகள் குதிகாலால் தரையில் இருமுறை மிதிப்பாள். ஆச்சு, தூங்க விடு என்று அர்த்தம். பதில் வரும்வரை அம்மா விடமாட்டாள். நாள்பட நாள்பட, தூக்கத்திலேயே குதிகால் தானாக எழுந்து இரண்டு மிதி மிதித்துவிட்டுப் படுத்துக்கொள்ளப் பழகியிருந்தது.

அந்த டொக்தான் அவளை வெளியே துரத்தியது என்றும் சொல்லலாம். இருபத்தாறு வயசுக்குத் தன் தூக்கம்கூடத் தன்னுடையதில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை பார்த்துவிட்டேன் என்று அவள் சொன்ன அன்று அப்பா வீட்டை இரண்டாக்கினார்.

"தனியாப் போய் என்னத்தக் கிழிக்கப் போற? இங்க உனக்கு என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்லப்பா. நிம்மதியாத் தூங்கணும், அவ்வளவுதான்."

"தூங்கறதுக்கு யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா?"

அம்மா மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். கிளம்பும் அன்று மட்டும் தலையைத் தூக்கி, "வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றாள்.

இப்போதும் மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். மகளைப் பார்த்ததும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பில் சந்தோஷத்தைவிடக் கலவரம்தான் இருந்தது.

"சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கறியே."

"என் வீட்டுக்கு வர நான் யார்கிட்டச் சொல்லணும்?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனாள்.

பாத்திர மேடையில் அவளுடைய தட்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இவள் வழக்கமாக வைக்கிற மூலையில், வழக்கம்போல் சுவரில் சாய்த்து. விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரும்மா வந்தாங்க? என் தட்டு ஈரமா இருக்கு?"

மெஷின் நின்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது, நாற்பது நாள் கோபம் இருக்காதா என்று நினைத்தபடி ஆந்தை முன்னறைக்குத் திரும்பினாள். சுவர்க் கடிகாரத்தில் பத்தரை. அம்மா அதை ஒருமுறை பார்த்தாள், மகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே செய்கிறவள் மாதிரி, கோலை எடுத்துக் கூரையில் இடித்தாள்.

டொக்.

ஆந்தை சிரித்துவிட்டாள். "நான் இங்க நிக்கறேன், யாரைக் கேக்கற?"

மேலே, தரையில் ஒரு குதிகால் விழுந்தது.

இரண்டாவது முறையும் விழுந்தது.

வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். வெயில் வாசல்வரை வந்திருந்தது.

"நீ போன மறுநாள்," அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள், "கை தானா கோலை எடுத்துடுச்சு. இடிச்சதுக்கப்புறம்தான் நீ இல்லேன்னு ஞாபகம் வந்துச்சு. அப்படியே அழுதுட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போ பதில் வந்துச்சு."

"எலியா இருக்கும்மா."

"எலி எண்ணுமாடி?"

"சரி. அடுத்த நாள் எதுக்கு இடிச்ச?"

"பதில் வந்துச்சே," என்றாள் அம்மா. அதைச் சொல்லவே அவளுக்குத் தெம்பில்லை.

முதல் வாரம் இடியும் மிதியும் மட்டும்தான். அப்புறம் ஒருநாள், கைதவறின மாதிரி, மூன்று தட்டு வைத்துவிட்டாள். மூன்றாவதை மூடி போட்டுப் படிக்குக் கீழே வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கழுவிக் கவிழ்த்திருந்தது. அப்பாவிடம் சொன்னபோது சிரித்தாராம். இப்போது சிரிப்பதில்லை. மதியம் வந்தால் சோபாவிலேயே சுருண்டுகொள்கிறார், மாடிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

"முந்தாநாள்லேருந்து அதுவே முதல்ல இடிக்குது," என்றாள் அம்மா. "ஒரே ஒரு தடவை. என்னை மேல கூப்பிடுது. நேத்து ஏழு படி ஏறிட்டேன்."

"உனக்குத்தான் முட்டி முடியாதே!"

"வலிக்கலடி. அதான் பயமா இருக்கு. கொஞ்சம்கூட வலிக்கல."

ஆந்தை மாடிக்குப் போனாள். தைரியத்தில் இல்லை, நின்று யோசித்தால் போக முடியாது என்பதால் போனாள். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஸ்பிரிட் வாசனை. ஐந்து வருஷமாக எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் கையை விட்டுப் போகாத அதே வாசனை. கட்டிலில் அவளுடைய கம்பளிப் போர்வை, அவள் மடிப்பதுபோலவே மூன்றாக மடித்திருந்தது. தலையணையில் தலை வைத்த பள்ளம். தொட்டாள்.

சூடாக இருந்தது.

கட்டில் ஓரத்துத் தரையில் தூசி படிந்திருந்தது, இரண்டு குதிகால் தடங்களைத் தவிர. தன் காலை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியது. வைக்கவில்லை. வைத்துத்தான் தெரிய வேண்டுமா என்ன. போர்வையை எடுக்காமல் கதவைச் சாத்தி, வெளியே பூட்டுப் போட்டுவிட்டுக் கீழே வந்தாள்.

"நீ திரும்பி வந்துட்டா அது போயிடும்னு நினைக்கிறேன்," என்றாள் அம்மா.

அந்த நிமிஷத்தில் அவளுக்கு அம்மாமேல் இரக்கத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. எரிச்சல் வந்ததற்காக வெட்கமும் வந்தது. திரும்பி வரலாம்தான். வந்தால் இந்த ஜென்மத்துக்கும் அந்தக் கட்டில்தான். வராவிட்டால் அம்மா ஒருநாள் எட்டாவது படி ஏறுவாள், ஒருநாள் பதினாறாவது. அவ்வளவு களைப்பிலும் அவளுக்கு ஒரு வழி தோன்றியது.

"கோலை என்கிட்டக் கொடு. இனிமே நீ இடிக்கவே கூடாது. தினமும் பத்தரைக்கு நான் போன் பண்றேன். சாப்பிட்டியான்னு என்னையே கேளு. போதுமா?"

அம்மா வெகுநேரம் கோலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கொடுத்தாள். "அப்போ துணியை எதை வச்சு அளக்கறதாம்?"

"டேப் எதுக்கு இருக்கு?"

அன்றைக்கு இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஒன்பது நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அவளுடைய அறை. கீழ்த்தளமும் முதல் மாடியும் ஏதோ கம்பெனியின் பூட்டிக் கிடக்கும் கிடங்கு. சத்தம் இருக்காது என்றுதான் அதைப் பிடித்தாள். கோலைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தாள். பத்தரைக்குப் போன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, வை. நேரில் இருந்த ஐந்து வருஷத்தில் பேசியதைவிட அந்த ஒன்பது நாளில் அதிகம் பேசினார்கள். மேலே சத்தமில்லை என்றாள் அம்மா. முட்டி மறுபடி வலிக்கிறது என்று ஏதோ நல்ல சேதி மாதிரிச் சொன்னாள். அப்பாகூட ஒருநாள் போனை வாங்கி, "பரவாயில்ல, ஆந்தைக்கும் மூளை இருக்கு" என்றார். தனியாக வந்தது தப்பில்லை என்று முதல்முறையாக அவளுக்கு நிம்மதி வந்தது.

பத்தாம் நாள், கூட வேலை பார்ப்பவள் வரவில்லை. ஒரு ராத்திரிக்கு இரண்டு பேர் வேலை. எழுபது பேருடைய ரத்தம், எழுபது ரிப்போர்ட். காலையில் அறைக்கு வந்தவள் செருப்பைக் கழற்றினாளோ இல்லையோ, சாப்பிடாமல், முகம் கழுவாமல் கட்டிலில் விழுந்தாள். கொஞ்சம் கண்ணை மூடிவிட்டுப் பத்தரைக்குப் போன் பண்ணலாம் என்று நினைத்தது மட்டும் ஞாபகம்.

டொக்.

குதிகால் எழுந்து தரையில் இரண்டு மிதி மிதித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

அப்புறம்தான் அவள் கண்ணைத் திறந்தாள்.

ஜன்னலில் வெயில். பத்து ஐம்பது. கீழே பூட்டிய கிடங்கு. கதவுக்குப் பின்னால் பார்த்தாள். சுவர் வெறுமையாக இருந்தது.

கோல் இல்லை.

உடனே வீட்டுக்குப் போன் பண்ணினாள். முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள். பின்னால் தையல் மெஷின் ஓடி நிற்கும் சத்தம் கேட்டது.

"ஏண்டி பத்தரைக்குப் போன் பண்ணல? நான் தவிச்சுப் போயிட்டேன்."

"அம்மா, நீ எங்க இருக்க?"

"எங்க இருப்பேன்? மெஷின்ல. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கீழேயிருந்து யாரோ இடிச்சாங்கம்மா."

அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"பதில் சொன்னியா?"

"கால் தானா மிதிச்சிருச்சும்மா."

அவள் அறைக் கதவுக்கு வெளியே, மாடிப்படியில் ஓர் அடி கேட்டது. நின்றது. இழுத்து வைத்த இன்னோர் அடி. நின்றது. இடது முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு, சுவரில் தோளைச் சாய்த்து, ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கி ஏறுகிற நடை. ஐந்து வருஷமாக மேலே ஏறி வராத அந்த நடையை அவளுக்குத் தெரியாதா?

"கதவைத் திறக்காத," என்றாள் போனில் அம்மா. அழுதுகொண்டிருந்தாள். "எதுவும் கேட்டாச் சொல்லாத. நான் கிளம்பி வரேன். அப்பாவையும் கூட்டிட்டு வரேன். திறக்காத கண்ணு."

காலடிகள் வாசலில் வந்து நின்றன. கதவிடுக்கு வழியாக மெஷின் எண்ணெய் வாசனை வந்தது, அதன் பின்னாலேயே சூடான சாப்பாட்டின் வாசனை. தரையில் ஒரு தட்டு வைக்கப்படும் சத்தம். அதன்மேல் மூடியைச் சரிசெய்யும் சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை. அது எதுவும் கேட்கவில்லை. காத்துக்கொண்டிருந்தது.

அம்மா வந்து சேர எப்படியும் இரண்டு பஸ், ஒரு மணி நேரம். ஆந்தை கட்டிலில் உட்கார்ந்து, போனைக் காதில் அழுத்திக்கொண்டு, கதவையே பார்த்தாள்.

அவளுக்கு ரொம்பப் பசித்தது.