நாற்பது ஜிபி நிறைந்த கதை

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. டெல்லி லோதி ரோட்டில் அரசுக் குடியிருப்பு. சுபிக்ஷாவின் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது ஹார்ட் டிஸ்க் வந்தது. பழையது நான்கு ஜிபி. புதியது நாற்பது.

"நாற்பது ஜிபியா? இது நம்ம ஜென்மத்துக்கும் நிறையாது" என்றார் அப்பா வெங்கட்ராமன்.

எட்டே மாதத்தில் நிறைந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அண்ணன் ஷ்ரவண் பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காக ஒரு வீடியோவைச் சேமிக்கப் போனான். டிஸ்க்கில் இடமில்லை என்று சொல்லிவிட்டது கம்ப்யூட்டர். ப்ராஜெக்டைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

"எல்லாம் உன் படங்களால வந்தது" என்று தங்கை மேல் பாய்ந்தான்.

சுபிக்ஷாவுக்குப் பத்து வயது. மவுஸைப் பிடித்துப் படம் வரைவதென்றால் அவளுக்குச் சாப்பாடுகூட வேண்டாம். யானை, ஆட்டோ, குதுப்மினார் என்று நாற்பத்தாறு படங்கள் சேர்த்து வைத்திருந்தாள்.

அண்ணனின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. யானையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்தாள். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள்.

"இப்போ பாரு."

இடமில்லை.

யானையும் போனது. அப்போதும் இடமில்லை.

"அப்போ காரணம் நான் இல்லை" என்றாள் சுபிக்ஷா.

ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஃபோல்டரும் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினாள். அம்மாவின் பாட்டுகள், ஒரு ஜிபி. ஷ்ரவணின் விளையாட்டுகள், ஐந்து. ஷ்ரவண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிறகு அப்பாவின் ஃபோல்டர்கள் வந்தன. 'போட்டோ', 'போட்டோ புதுசு', 'போட்டோ பத்திரம்', 'போட்டோ பத்திரம் இரண்டு'... மொத்தம் ஏழு. ஒவ்வொன்றும் மூன்று ஜிபி. திறந்து பார்த்தால், ஏழிலும் அதே நூற்றிருபது படங்கள்.

"ஆறை அழிச்சிடலாம். ஜல்தி, சீக்கிரம்" என்றான் ஷ்ரவண்.

சுபிக்ஷா மவுஸைக் கையால் மூடிக்கொண்டாள். "இது அப்பாவோடது. அப்பா வரட்டும்."

அந்தப் படங்கள் எவை என்று அவளுக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் கூரை ஒழுகி, பரணில் இருந்த ஆல்பம் ஊறிப்போனது. அம்மா பக்கத்தைப் பிரித்தபோது ஒட்டியிருந்த முகங்களெல்லாம் உரிந்து வந்தன. அதற்கு முன்பே அப்பா ஸ்கேன் செய்து வைத்திருந்த படங்கள்தான் இப்போது மிச்சம்.

அப்பா ஆபீஸிலிருந்து வந்து பையை வைத்தார். நோட்டைப் பார்த்தார். அசட்டுச் சிரிப்பு ஒன்று வந்தது.

"ஆபீஸ்ல சாதாரணக் கடிதத்துக்கே மூணு நகல் எடுப்போம். இது அதைவிட முக்கியமாச்சே. அதான் ஏழு."

சமையலறையில் அம்மா சாவித்திரி சிரிப்பது கேட்டது.

"அப்பா, அந்த ஏழும் எங்கே இருக்கு?" என்று கேட்டாள் சுபிக்ஷா.

"கம்ப்யூட்டர்ல."

"இந்த ஒரே டப்பாவுக்குள்ளதானே? இது கெட்டுப்போனா?"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏழும் சேர்ந்து போயிடும்" என்றார் மெதுவாக.

"சிடியில போட்டு ஒண்ணு நம்ம வீட்டுல வைக்கலாம். இன்னொண்ணு வேற யார் வீட்டுலயாவது இருக்கட்டும். அங்கே மழை ஒழுகாதே."

வீட்டில் சிடி எழுதும் கருவி கிடையாது. மறுநாள் காலை, கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி, கடைக்குக் கொண்டுபோக ஆட்டோவில் ஏற்றினார்கள். ஷ்ரவண் அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டான்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் கணக்குப் போட்டார். படங்கள் முழுவதும் கொள்ள ஐந்து சிடி வேண்டும். இரண்டு நகலுக்குப் பத்து.

"அச்சா, மதியம் வாங்க" என்றார்.

வீடு திரும்பியதும் அப்பா பத்து சிடிகளையும் போட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாகத் திறந்தன. அப்புறம்தான் அழிக்க உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர், 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் அப்பா சுபிக்ஷாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். ஆறாவது தடவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினெட்டு ஜிபி காலியானது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே ப்ராஜெக்ட் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் புசா ரோட்டுக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே அப்பாவின் நண்பர் பத்மநாபன் மாமா இருந்தார். ஐந்து சிடிகளையும் வாங்கிப் பீரோவில் வைக்கப் போனவர், நின்றார்.

"உள்ளே வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாமா?"

அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். கல்யாணக் கோலத்தில் அம்மா வந்தாள். தலை நிறைய முடியுடன் அப்பா வந்தார். "இது யார்?" என்று மாமா கேட்டார். அப்பாவே முதலில் சிரித்தார்.

அடுத்த படத்தில் ஒரு சின்னப் பையன். மடியில் துணிச் சுருளாக ஒரு குழந்தை. பையனின் கண்கள் பயத்தில் விரிந்திருந்தன.

"இது நானா?" என்று கேட்டாள் சுபிக்ஷா.

"நீதான். பிறந்து மூணு நாள்" என்றான் ஷ்ரவண். "கீழே போட்டுடுவேனோன்னு பயம் எனக்கு."

"போட்டுட்டியா?"

"எங்கே போட்டான்?" என்றாள் அம்மா. "நீ பாலுக்கு அழுதப்பகூட உன்னைத் திருப்பித் தர மாட்டேன்னுட்டான்."

ஷ்ரவணுக்குக் காது சிவந்துபோனது. சுபிக்ஷா அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, "அடுத்த படம் போடுங்க மாமா" என்றாள்.