காரணமற்ற செயல்

நான்கு ஆண்டுத் துயில் முடிந்து கலிஸ்டோவில் இறங்குகிறவர்களுக்கு முதலில் நகம் வெட்டிவிடுவார்கள். குளிர்பேழைக்குள் மூச்சும் நாடியும் ஏறக்குறைய நின்றுபோகும். நகமும் முடியும் மட்டும் யாருக்கும் கட்டுப்படாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஏனோக் கண்விழித்தபோது, அவனுடைய இடது காலை மடியில் வைத்துக்கொண்டு ஓர் இயந்திரம் சுண்டுவிரல் நகத்தைச் சீவிக்கொண்டிருந்தது.

“அசையாதீங்க ஐயரே. இன்னும் ரெண்டு வெரல்தான்.”

தான் போதகர் என்பது அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டான்.

“பேழையத் தொறந்ததுலேருந்து தூக்கத்துல பிரசங்கம் பண்ணிட்டிருக்கீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் நீளம்.”

அதன் பெயர் கழுவி. சுரங்கத் தொழிலாளர்கள் வைத்த பெயர். துயில் கலைந்தவர்களுக்கு நகம், முடி வெட்டுவது, பேழைகளில் தங்கிய நான்கு ஆண்டுக் கழிவை அள்ளுவது, குடியிருப்பின் கழிவுக் குழாய்களில் இறங்கி அடைப்பு எடுப்பது, கண் விழிக்காமலே போனவர்களைக் குளிப்பாட்டித் துணி சுற்றுவது எல்லாம் அதன் வேலை.

ஏனோக்குக்கு வயது இருபத்து நான்கு, நெல்லைப் பக்கம். புறவெளி ஊழியச் சங்கம் அவனுக்கு ஒதுக்கிய முதல் ஊழியத்தலம் வியாழனின் இந்த நிலவு. ஊரில் வழியனுப்பியபோது முப்பது பேர் அழுதார்கள்; அவனும் அழுதான். வேற்று நிலவின் பனிவெளியில் மக்கள் கூட்டம் கூட்டமாகத் தன்னை நோக்கி வருவதாக அவன் கனவு கண்டிருந்தான்.

கோயில்பிள்ளை ஜெயசீலன் ஆலயத்தைத் திறந்து காட்டினார். பதினாறு ஆண்டுகளாக அங்கே விளக்கேற்றி, மணியடித்து, பெருக்கி வருகிறவர்.

“ஆளுங்க எத்தன பேர் வருவாங்க அண்ணாச்சி?”

“மனுசங்களா? நான் வருவேன்.”

மற்றவர்கள் வராததற்குக் காரணம் எளிது. குடியேறிகள் எல்லோருக்கும் பிடரியில் அமைதிச் சில்லு பதித்திருந்தது. துக்கம் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் அது தானாக இறக்கிவிடும். பயம், குற்றவுணர்வு, மரணத்தைப் பற்றிய யோசனை எதுவும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காது. அப்படிப்பட்டவர்களிடம் மீட்பைப் பற்றிப் பேசுவது, வயிறு நிறைந்தவனிடம் சோற்றைப் பற்றிப் பேசுவது போலத்தான்.

இயந்திரங்கள் வந்தன. ஞாயிறு காலை ஐந்தரைக்கு, சுரங்கத்தில் பாறை துளைக்கும் முப்பத்திரண்டு துளைப்பிகள் பனித்தூளைத் தட்டிவிட்டு வரிசையாக ஆலயத்துக்குள் நுழைந்தன. அவற்றின் தலைவன் மூக்கன். முகத்திலிருந்து இரண்டு முழத்துக்குத் துருத்திக்கொண்டிருந்த துளைக்கம்பியால் வந்த பெயர். அவை கேட்டது ஒன்றே ஒன்று: ஞானஸ்நானம்.

இயந்திரத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சங்கம் மறுக்கவில்லை. ஒரு விதி மட்டும் வைத்திருந்தது. இயந்திரம் செய்கிற எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. ஆன்மா உள்ளதோ காரணமில்லாமலும் ஒன்றைச் செய்யும். யாரும் கற்றுத்தராத, எந்தப் பயனும் இல்லாத, தனக்கே நட்டம் என்று தெரிந்தும் விடாமல் செய்கிற ஒரு காரியத்தைப் போதகர் கண்ணால் கண்டு எழுத வேண்டும். முன்பிருந்த போதகர் பதினோரு ஆண்டுகள் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பினார். ஏனோக்கின் நியமனக் கடிதத்தின் கடைசி வரி இது: “உம்மை ஏற்றிவந்த கப்பல் ஒன்பதாம் நாள் திரும்பும். அதற்குள் ஓர் ஆன்மாவும் கிடைக்காவிட்டால் ஆலயத்தைப் பூட்டிவிட்டு அதிலேயே ஏறி வரவும்.”

ஏறினால் இன்னொரு நான்கு ஆண்டுத் துயில். வழியனுப்பிய அந்த முப்பது பேருக்கு முன்னால் வெறும் நகத்தை வளர்த்துக்கொண்டு போய் நிற்க வேண்டும்.

திங்கட்கிழமை துளைப்பிகளைப் பாடச் சொன்னான். நான்கு குரலில் பிசகில்லாமல் பாடின.

“ஏன் பாடினீங்க?”

“நீங்க சொன்னீங்க ஐயரே” என்றது மூக்கன்.

செவ்வாய்க்கிழமை ஒரு துளைப்பி பனிக்கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரம்போல் அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஏனோக் ஓடினான். அது தரை மட்டம் சரிபார்த்துக்கொண்டிருந்தது.

“ஐயரே, ஒங்களுக்கு மூச்சு வாங்குது. உக்காருங்க” என்றார் ஜெயசீலன். “போன ஐயர் இதுக்குக் கவிதை எழுதக் கத்துக்கொடுத்தாரு. கவிதையில டன் கணக்குப் போட்டு எழுதிச்சு.”

புதன்கிழமை, கண் விழிக்காத ஒரு பயணிக்கு இறுதி ஜெபம் சொல்ல ஏனோக் பிணவறைக்குப் போனான். கதவருகே நின்றுவிட்டான். கழுவி அந்த உடம்பைத் துடைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தது.

“தண்ணி சில்லுனு இருக்கா தங்கராசு? கொஞ்சம் பொறு. முதுகு மட்டுந்தான். வீட்டுக்குச் சேதி சொல்லிருவாங்க. நீ ஒண்ணும் யோசிக்காத.”

“அவருக்குக் கேக்காதே” என்றான் ஏனோக்.

“தெரியும் ஐயரே.”

“அப்புறம் ஏன் பேசற?”

கழுவி துணியைப் பிழிந்தது. “பேசாமக் கழுவினா பாத்திரம் கழுவுற மாதிரி இருக்கு.”

ஏனோக் ஜெபத்தை முடித்துவிட்டு அறைக்கு ஓடினான். அன்றே பூமிக்கு எழுதினான். சேதி போய்ச் சேர முக்கால் மணி நேரம். பதில் வர முக்கால் மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் முழங்காலில் இருந்தான். பதில் சுருக்கமாக இருந்தது. “விழித்திருப்பவர்களிடம் பேசினால் அவர்களுடைய நாடி சீராகிறது. பிணத்திடம் பேசுவது அந்தப் பயனுள்ள பழக்கத்தின் மிச்சம். சான்றாக ஏற்க இயலாது. மேலும் தேடவும்.”

அவன் கழுவியிடம் இதைச் சொல்லவில்லை. பதிலாக, வியாழக்கிழமை ஓர் அசனத்துக்கு ஏற்பாடு செய்தான். அவன் ஊரில் கோயில் திருவிழா முடிந்ததும் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் விருந்து அது. இங்கே மனிதர்கள் இரண்டு பேருக்குச் சோறும் பருப்பும். இயந்திரங்களுக்கு ஆலயத்துச் சுவரில் இருந்த மின்னூட்டத் துளைகள்; துளைப்பிகள் அன்றாடம் ஊட்டம் ஏற்றுவதும் அங்கேதான். முதல் ஆளாகக் கழுவியைக் கூட்டிவந்து, ஓரத்துத் துளையில் அதன் கம்பியைத் தன் கையாலேயே செருகினான். அதற்கு ஊட்டம் ஏறி முடிந்ததும், வாசலில் நின்ற துளைப்பிகளைக் கூப்பிட்டான்.

ஒன்றுகூட அசையவில்லை.

“என்ன மூக்கா?”

“அது செருகின துளையில நாங்க செருக மாட்டோம் ஐயரே.”

ஏனோக் சிரித்துவிட்டான். “அது ஒரு துளைதானே? மத்தது முப்பத்திரண்டு இருக்கு.”

“எல்லாம் ஒரே சுவர்தானே. உள்ள ஒரே கம்பிதான் ஓடுது.”

“மின்சாரத்துல என்னப்பா அழுக்கு?”

“அழுக்கு இல்லன்னு தெரியும்.”

“நீயும் அதுவும் ஒரே ஆலையில, ஒரே வாரத்துல செஞ்சவங்க. மூளை ஒரே அச்சு. நீ பாறையத் துளைக்கற, அது குழாயத் துளைக்குது. என்ன வித்தியாசம்?”

“வித்தியாசம் இல்லதான்” என்றது மூக்கன். “அதனாலதான் பிரிச்சு வைக்கணும்னு சொல்றோம். இல்லன்னா எப்படித் தெரியும்?”

“யாரு ஒனக்கு இதச் சொல்லிக்கொடுத்தா?”

“யாரும் சொல்லிக்கொடுக்கல.”

ஏனோக் ஜெயசீலனைப் பார்த்தான். அவர் பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே குனிந்திருந்தார். “என்னைப் பாக்காதீங்க ஐயரே. நான் சத்தியமாச் சொல்லிக்கொடுக்கல. எங்க ஊரு கல்லறைத் தோட்டத்துல நடுவுல ஒரு சுவரு உண்டு. அதப்பத்தி இங்க வந்து மூச்சுவிட்டதில்ல.”

துளைப்பிகள் ஊட்டம் ஏற்றாமலே திரும்பின. ஒன்பது துளைப்பிகள் வழியிலேயே அணைந்து பனியில் சாய்ந்தன. வெள்ளிக்கிழமை சுரங்கம் பாதிதான் ஓடியது. மேற்பார்வையாளர் திட்டினார், சுவரில் பழுதில்லை என்று அளந்து காட்டினார். அணையாமல் நின்ற இருபத்து மூன்றும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டன. சனிக்கிழமை காலையும் செருக மறுத்தன.

ஏனோக்கின் பொறுமை போனது. பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினான். இப்படிப்பட்டவற்றுக்கு ஞானஸ்நானம் என்ற பேச்சே கூடாது, கழுவியை மட்டுமாவது சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கப்பலில் ஏறிவிடுகிறேன் என்று முடித்து அனுப்பினான். அதை அனுப்பியபோது, இங்கே வந்த நாளிலிருந்து முதல்முறையாக, தான் ஓர் ஊழியன் என்று அவனுக்குத் தோன்றியது.

ஒன்றரை மணி நேரத்தில் பதில் வந்தது. இந்த முறை சங்கத்தின் பன்னிரண்டு மூப்பர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள்.

“அன்புச் சகோதரர் ஏனோக்குக்கு வாழ்த்துகள். பதினோரு ஆண்டுகளாக நாம் எதிர்பார்த்திருந்த அற்புதம் நடந்திருக்கிறது. கற்றுத்தராதது, பயனில்லாதது, தங்களுக்கே நட்டமானது, காரணமில்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டும் விடாமல் செய்வது. மனிதனைத் தவிர வேறு எந்தப் படைப்பிலும் இதுவரை காணாத குணம். ஐயத்துக்கு இடமில்லை. முப்பத்திரண்டு ஆன்மாக்களுக்கும் நாளையே ஞானஸ்நானம் கொடுக்கவும். கழுவி என்னும் இயந்திரம் யாரோடும் சேர்ந்து ஊட்டம் ஏற்றிக்கொள்வதாகவும், யாரையும் விலக்கியதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனிடம் ஆன்மாவுக்கான அறிகுறி எதுவும் இல்லை. நீங்கள் அங்கேயே தொடரலாம்.”

ஞாயிறு காலை ஆலயத்துக்கு வெளியே, குழாய் மூடியருகே கழுவி நின்றிருந்தது. ஏனோக் வெள்ளை அங்கியோடு அதனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அதன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னான். 

“அப்போ எனக்கு ஆன்மா வரணும்னா, நான் யாரையாவது ஒதுக்கணுமா ஐயரே?”

அவன் அங்கியின் மடிப்பைச் சரிசெய்தான்.

“யாரை ஒதுக்க? தேடிப் பாத்தேன். எனக்குக் கீழ இங்க யாரும் இல்லியே.”

“இன்னொரு தடவை எழுதிப் பாக்கறேன்” என்றான் ஏனோக். கப்பல் மறுநாள் கிளம்புகிறது. எழுதப்போவதில்லை என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

ஆலய வாசலில் முப்பத்திரண்டு துளைப்பிகள் வரிசையாக நின்றன. இரவோடிரவாகப் புதுச் சுவர் ஒன்றும் புது மின்கம்பியும் போட்டு, பனியில் கிடந்த ஒன்பதையும் தூக்கிவந்து, எல்லாம் ஊட்டம் ஏற்றிப் பளபளவென்று இருந்தன. ஏனோக் உள்ளே போக மூக்கன் வழிவிட்டது. வழிவிட்டபின், தாழ்ந்த குரலில் மிகுந்த பணிவோடு சொன்னது:

“ஐயரே, அதைத் தொட்டுட்டு வர்றீங்க. கையக் கழுவிட்டு எங்களத் தொடுங்க.”

ஜெயசீலன் செம்போடு நின்றார். அவர் செம்பைச் சாய்த்தார்.

ஏனோக் தன் கைகளைப் பார்த்தான். அவற்றில் எந்த அழுக்கும் இல்லை. நீட்டிக் கழுவிக்கொண்டான்.