முதல் மாதம், பன்னிரண்டாம் நாள்

பாதி மிச்சமிருந்த ஆப்பிள் பலகாரத்தை மூடிவைத்து, “திரும்பி வந்ததும் எனக்கு. நீ விரலை வச்சே, சபையை விட்டே உன்னை நீக்கச் சொல்லிடுவேன்” என்று டேசி சிரித்தாள். என் மனைவி இந்த வீட்டில் பேசிய கடைசி வார்த்தைகள் அவை.

அவள் நான்கு வருடமாகத் தன் முன்னோரைத் தேடிக்கொண்டிருந்தாள். பென்சில்வேனியாவில் எங்கள் குவேக்கர் கிறிஸ்தவச் சபையின் பழைய பதிவேட்டில் ஹெப்சிபா யார்னல் அகப்பட்டாள். வெளியாளை மணந்ததற்காக, 1741, முதல் மாதம் பன்னிரண்டாம் நாள் நீக்கப்பட்டவள். போகும்போது அவள் சொன்னதையும் எழுதிவைத்திருந்தார்கள்: ‘இதே நாளில் என் வம்சத்து மகள் ஒருத்தியைக் கூட்டிப்போவேன்.’

அது அகப்பட்ட வாரம் டேசி எங்கள் திருமணச் சான்றைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்துத் துடைத்தாள். கல்யாணத்துக்கு வந்த எல்லோரும் கையெழுத்திட்ட தாள். கடைசியில் பழுப்பு மையில் ஒரு பெயர்.

ஹெப்சிபா யார்னல்.

டேசியின் விரலில் மை ஒட்டியது.

“ஈரமா இருக்கே! போன வாரம் ஆமோஸ் சாப்பிட வந்தான்ல? அவன் வேலைதான்,” என்றேன். பதிவேடுகள் அவன் பொறுப்பில் இருந்தன.

“அவனுக்கு ஜோக்கடிக்கவே தெரியாதுப்பா,” என்றாள்.

ஜனவரி பன்னிரண்டு அன்று அவளை வாசல் தாண்ட விடவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. பயத்தை மறந்தோம்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு. சபையில் வழக்கமான மௌன வழிபாடு. டேசிக்கு அப்பால் பெஞ்சு காலி. ஆனாலும் யாரோ உட்கார்ந்ததுபோல் பலகை முனகியது. ஈரக் கம்பளி வாடை.

“தள்ளி உக்காரேன். இடம் பத்தல,” என்று டேசி கிசுகிசுத்தாள்.

தள்ளி உட்கார்ந்தேன்.

மௌனம் முடிந்ததும் பக்கத்திலிருப்பவரோடு கைகுலுக்குவோம். அவள் இடது கையைப் பற்றினேன்.

சில்லிட்டிருந்தது. அவளுக்கு மூச்சு இல்லை.

வலது கை காலி இடத்தை நோக்கி நீண்டிருந்தது. யாருடைய பிடியிலோ இருப்பதுபோல் விரல்கள் மடங்கியிருந்தன.

ஆமோஸ் ஓடிவந்தான். அவள் கையைப் பார்த்து வெளுத்தான். “இன்னிக்குப் பன்னிரண்டு. அந்தக் காலத்துல முதல் மாசம்னா மார்ச்சு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

“ஜனவரியில நாங்க நடுங்கினப்போ ஏன் சொல்லல?”

அவன் அந்தக் காலி இடத்தையே பார்த்தான்.

ஆறு வருடமாகிறது. சான்றில் டேசியின் கையெழுத்துகூட மங்கிவிட்டது. கடைசிப் பெயரைத் தொட்டால் இன்றும் விரலில் மை ஒட்டுகிறது.