இடது இமையின் இடைவெளி

ஏப்ரல் 9. ஒரு தவறு. பகல் தூக்கத்துக்கு முன் பிளாஸ்திரியை வலது கண்ணில் ஒட்டியாயிற்று. அறுவை நடந்தது இடது கண்ணில். எதிரில் உட்கார்ந்து ஒட்டிய அக்காவுக்கு இடம் வலமாகிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் நானும் கவனிக்கவில்லை.

எழுதி முடித்துப் பேனாவை மூடினாள். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அவள் தூங்கிய நேரமெல்லாம் திறந்தே கிடந்த இடது கண், கால்மாட்டு நாற்காலியில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தது.

கண்ணீர்ப் பாதை அடைத்து இரண்டு வருடமாக வழிந்துகொண்டிருந்த கண். மூக்கோரம் கீறிப் புதுவழி போட்டார்கள். வழிவது நின்றது. கூடவே இமையும் நின்றுபோனது. எவ்வளவு முக்கினாலும் பாதிக்கு மேல் இறங்க மறுத்தது.

"இமையை மூடுற நரம்பு அந்தப் பக்கமாத்தான் போகுது. கொஞ்சம் சோர்ந்திருக்கும்மா, பெரும்பாலும் திரும்பிடும்" என்றார் டாக்டர். "திங்கக்கிழமைக்குள்ள இடைவெளி குறையலைன்னா ஓரத்துல ஒரு தையல் போடுவோம். விழி காயக்கூடாது. அதுவரைக்கும் தூங்கும்போது பிளாஸ்திரி ஒட்டி மூடி வைங்க."

தையல் போட்டால் பாதிக் கண். மருந்துக் குப்பிகளை விளக்கின் முன் சுழற்றித் தூசி பார்க்கும் அவள் வேலைக்குப் பாதிக் கண் உதவாது.

"முழிச்சுக்கிட்டே தூங்குறவ வீட்டுல இருந்தா பூட்டே வேண்டாம்டி" என்று அக்கா சிரித்தாள். தங்கை உறங்கும்போது பிளாஸ்திரியை மெல்ல விலக்கி, இமை இடைவெளியை ஸ்கேல் வைத்து அளப்பதும் அக்காதான். ஐந்து மில்லிமீட்டர். மறுநாள் நான்கு. அதற்கு மறுநாள் இரண்டு.

"பாத்தியா, தானா மூடுது!"

"முழிச்சிருக்கும்போது அதே அஞ்சுதானேக்கா. தூக்கத்துல நீ அழுத்துறியா?"

"நான் ஏன்டி தொடப்போறேன்?"

அது அக்காவின் விரல் இல்லை என்று தங்கைக்குத் தெரியும். ஒவ்வொரு தூக்கத்திலும் இமைமேல் ஒரு கட்டைவிரல் வந்து உட்கார்ந்தது, குளிர்ந்து, ஈரமில்லாமல். அவளைப் பார்க்கவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளியது.

அக்கா கடைக்குப் போன ஞாயிறு பகலில் பிளாஸ்திரியைக் கையிலேயே வைத்துக்கொண்டு படுத்தாள். மின்விசிறியின் கிறீச்சு, குளியலறைக் குழாயின் சொட்டு, மூக்கோரத்துக் களிம்பின் கசப்பு மணம், திரைச்சீலை அசையும்போதெல்லாம் சுவரில் நீண்டு சுருங்கும் மஞ்சள் வெளிச்சம். மூச்சைச் சீராக்கித் தூங்குவதுபோல் கிடந்தாள். நாற்காலி முனகியது. பிறகு கட்டிலின் விளிம்பு தாழ்ந்தது.

விரல் வந்தது.

அழுத்தியது.

அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். காய்ந்த குச்சி. விடவில்லை.

"என் இமை. நான்தான் மூடுவேன். கையை எடு."

முகம் குனிந்தது. மிக அருகே. இரண்டு விழிகள். மேலே இமை இல்லை. கீழேயும் இல்லை. காய்ந்து வெடித்த வெள்ளை. அதன்மேல் ஒரு தூசி.

அவள் இமைக்கவில்லை. முடியவும் இல்லை. அதனாலும் முடியவில்லை. நிமிடக்கணக்கில் ஒன்றையொன்று பார்த்தபடி.

முதலில் கையை இழுத்துக்கொண்டது அது. திரும்பிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தது. இம்முறை முகத்தைக் காட்டியபடி.

அக்கா வந்து, அதன் மடிமேலேயே பையை வைத்துவிட்டு, சமையலறைக்குப் போனாள்.

ஏப்ரல் 12. நாளை: காலை ஆறுக்கு இமைப் பயிற்சி, இருபது முறை. பத்துக்கு டாக்டர்; தையல் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நாற்காலியை நகர்த்த அக்காவை விடக்கூடாது. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.